எண் நாற்பத்தொன்று

மே 15, திங்கள்

இன்று காலை என் மேசைக்கு ஒரு சாக்கு நிறையத் திருப்தி வந்து இறங்கியது. போன வருஷம் முழுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நிரப்பிய கருத்துப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பதுவரை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சிரிக்கும் முகத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது கவுன்டரில் நர்ஸ் நீட்டுகிறார். "இதுல ஒரு டிக் போட்டுட்டு டிஸ்சார்ஜ் சீட்ட வாங்கிக்கிடுங்க." சீட்டு அவர் கையில் இருக்கும்போது அழும் முகத்தைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்?

கண்காணிப்பாளர் டாக்டர் ஞானதுரை கூப்பிட்டுச் சொன்னார்: "தரச்சான்றுக்கு முறையா ஒரு ஆய்வு வேணும்மா. இருநூறு பேர், மூணு மாசம். நீயே வடிவமைச்சிரு." ஆய்வு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து முழுசாக என்னுடையது என்று ஒரு காரியம்.

கோமுவிடம் சொன்னேன். கோமதி பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இந்த விடுதி அறையில் என் பக்கத்துக் கட்டில். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏட்டி புஸ்தகம், சனங்க திருப்தியா இருக்காங்களான்னு கேக்கதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளமா? எங்கிட்ட கேளு, நான் சும்மாவே சொல்லுதேன்" என்றாள்.

மே 18, வியாழன்

பத்துப் பேரிடம் மாதிரிக்குக் கேட்டுப் பார்த்தேன். 'உங்களை மரியாதையாக நடத்தினார்களா?' பத்துப் பேரும் ஆமாம். ஒரு அம்மா, "கொறையொண்ணும் இல்லம்மா, உசிரு பொழச்சு வந்ததே பெருசு" என்று என்னைக் கும்பிட்டார். கும்பிட்ட கையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மே 19, வெள்ளி

கோமு தோசை சுட்டுக்கொண்டே என் கேள்வித்தாளைத் திருத்தினாள். "மரியாதன்னு கேட்டா எவ இல்லம்பா? 'ஒங்கள எப்படிக் கூப்பிட்டாங்க'ன்னு கேளு. தானா வரும்."

கேட்டேன். வந்தது. 'பதினாலாம் நம்பர்.' 'ஏ பொம்பள.' 'கிழவி.' ஒருவர், "கூப்பிடவே இல்லம்மா, கையத் தட்டுவாவ" என்றார்.

இன்னொன்றும் சொன்னாள். "வீட்டுக்குப் போயிக் கேளு. யூனிபாரத்தக் கண்டா வாய் தொறக்காது. மாமியாக்காரிய முதல்ல வெளிய அனுப்பு. அவ முன்னாடி எவ பேசுவா?"

இரண்டையும் சேர்த்துவிட்டேன். வீடு திரும்பிய இரண்டு மூன்று வாரத்தில், அவர்கள் வீட்டில், தனியாக. இந்த ஆய்வில் பாதி அவளுடையது. நன்றியுரையில் பெயர் போடுகிறேன் என்றேன். "போடு, எங்கம்மைக்குக் காட்டணும்" என்றாள்.

ஜூன் 1, வியாழன்

நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் நான் வாசிக்க வேண்டிய உறுதிமொழி இது: 'உங்கள் பெயர் படிவத்தில் வராது. எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யார் என்ற பட்டியலை என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் சொல்வதால் உங்கள் சிகிச்சை எந்த விதத்திலும் மாறாது.' பட்டியல் அலுவலக இரும்பு அலமாரியில். சாவி என் கழுத்துச் சங்கிலியில். கோமு, "தாலி மாதிரியில்ல தொங்குது" என்று இழுத்துப் பார்த்தாள்.

ஜூன் 9, வெள்ளி

ஒன்பது வீடுகள். படிவத்தில் சுருக்கமாக, எண்களாக எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அந்த மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். நான் படித்து வளர்ந்த புத்தகங்களில் ஆட்களுக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது. அதனால் இங்கே மட்டும் பெயரோடு எழுதப்போகிறேன். இது தலையணைக்கு அடியில் கிடக்கும் நோட்டு. இதை யார் பார்க்கப்போகிறார்கள்?

கோமு விடும் குறட்டைக்குச் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலே தோற்கும். அதையும் இங்கே மட்டும்தான் சொல்ல முடியும்.

ஜூன் 20, செவ்வாய்

மழை. இரண்டு வீடுதான் முடிந்தது. துணி காயவில்லை.

கோமு இன்று திடீரென்று, "நான் கொறட்ட விட்டேன்னா தட்டி எழுப்புட்டி, மனசுக்குள்ளயே வச்சுக்கிடாத" என்றாள். நான் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. வார்டில் யாராவது கேலி செய்திருப்பார்கள்.

ஜூன் 27, செவ்வாய்

பிரசவ வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மூன்று பேர் பெயர் பேச்சில் இருக்கிறது. கோமுவும் ஒருத்தி. கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள். எனக்காகவும் சேர்த்துக் கும்பிட்டாளாம், "புஸ்தகத்துக்கு ஒரு மாப்பிள்ள" என்று.

ஜூலை 6, வியாழன்

நாற்பத்தொன்றாவது வீடு. பேச்சியம்மாள், இருபத்திமூன்று வயது. முன்னீர்பள்ளம் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் ஓட்டு வீடு. கணவர் சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாமியார் பீடிக் கட்டுகளைக் கடையில் ஒப்படைக்கப் போயிருந்தார். வியாழக்கிழமை போனால் இரண்டு மணி நேரம் ஆகும் என்று பேச்சியே நாள் குறித்துக் கொடுத்திருந்தாள்.

மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள். விரல்கள் என்னைவிட வேகமாக எழுதுகின்றன. தொட்டிலில் பையன், பிறந்து மூன்று வாரம். இரண்டு காலும் உள்பக்கமாக மடங்கிப் பிறந்திருக்கிறான். எங்கள் ஆஸ்பத்திரியில் புதன்தோறும் மாவுக்கட்டுப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறார்கள். இதுவரை இரண்டு கட்டு. விடாமல் வந்தால் ஓடுவான், விட்டால் மறுபடி மடங்கிக்கொள்ளும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வெள்ளைக் கட்டையும் ஆட்டி ஆட்டித் தொட்டில் கம்பில் இடித்துச் சத்தம் போடுகிறான்.

எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னாள். எப்படிக் கூப்பிட்டார்கள் என்ற கேள்வியில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வலியில கத்துனேன் மேடம். 'பெத்துக்கத் தெரியுதுல்லா, பொறுத்துக்கத் தெரியாதா'ன்னாவ ஒரு சிஸ்டர். அது பரவாயில்ல. எல்லாத்துக்கும் அதான் சொல்லுவாவளாம். புள்ள பொறந்ததும் ரெண்டு காலையும் வெளிச்சத்துல பாத்துட்டு, எங்க அத்த முன்னாடி கேட்டாவ, 'கிரகணத்தன்னைக்குக் கத்தரி எடுத்தியா'ன்னு."

தீபாவளிக்கு மறுநாள் வந்த கிரகணம். அன்றைக்கும் இலை வெட்டியிருக்கிறாள். ஆயிரம் பீடி கணக்குக்கு நாள் கிழமை கிடையாது. "அப்ப உண்டாயிருக்கேன்னு எனக்கே தெரியாது மேடம். அத்த அன்னையிலேர்ந்து புள்ளையத் தூக்கும்போதெல்லாம் 'ஒங்கம்ம வெட்டுன காலு'ன்னுதான் கொஞ்சுதாவ."

படித்த ஒரு நர்ஸ், ஒரே ஒரு கேள்வியில் மருமகளை மாமியாரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

படிவத்தில் நான் எழுதியது: 'எண் 41. அவமரியாதை: ஆம். தன்மை: உடற்குறைக்குத் தாயைப் பொறுப்பாக்கும் சொல்.' அவ்வளவுதான்.

எந்த சிஸ்டர் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அன்றைய டூட்டி பட்டியலைப் பார்த்தால் தெரியும். பார்க்கத் தேவையில்லை.

கிரகணத்தன்று இந்த அறையில் ஜன்னலை மூடி, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டு, என்னையும் பட்டினி போட்டது ஞாபகம் வருகிறது. "நர்ஸுக்குக் கிரகணம் புடிக்காதா?" என்று நான் கேலி செய்தேன்.

கோமு தோசை வைத்தாள். மூன்றாவது வேண்டாம் என்றேன். "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" அலைச்சல் என்றேன்.

ஜூலை 10, திங்கள்

கோமுவுக்கும் எனக்கும் பேச எதுவும் இல்லாதது போல் ஒரு நாள். அவள் தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட்டாள். குறட்டை இல்லை.

ஜூலை 13, வியாழன்

நாற்பத்தெட்டு வீடுகள் முடிந்தன. இன்று கோமுவுக்கு விடுமுறை. அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் மதியமே திரும்பிவிட்டாள். பஸ் கிடைக்கவில்லையாம்.

ஜூலை 19, புதன்

எலும்புப் பிரிவில் ஒரு தகவலுக்காகப் போனேன். மாவுக்கட்டு அறை வாசலில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள். பேச்சியின் பையனைக் காணவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை.' காய்ச்சலாக இருக்கலாம்.

ஜூலை 20, வியாழன்

போனேன்.

வாசலில் மாமியார் நின்றார். இந்தமுறை கடைக்குப் போகவில்லை. "இவதானா அது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பேச்சி வெளியே வரவில்லை. சுடலைமணி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை ஒரு சிஸ்டர் வந்தாராம். ஹார்லிக்ஸ் பாட்டில், பிள்ளைக்கு ஒரு சட்டை. மாமியார் முன்னாலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார். 'நான் கேட்டது ஒரு வார்த்த, அத எழுதிக் குடுத்து எம் பொழப்பக் கெடுக்கப் பாக்கியே' என்று அழுதிருக்கிறார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இந்தப் பச்சப்புள்ளைய வாராவாரம் எங்ககிட்டத்தான் தூக்கிட்டு வரணும், பாத்துக்கோ' என்றும் சொல்லியிருக்கிறார்.

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னிய" என்றார் சுடலைமணி. "சத்தியம் மாதிரி ஒரு பேப்பர வாசிச்சியளாமே."

நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அப்போதுதான் உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"நான் சொல்லாததையும்லா சொல்லிருக்கிய மேடம். 'நான் டீ குடிக்கப் போனத நீ கண்டியா'ன்னு அந்த சிஸ்டர் கேக்காவ. டீயப் பத்தி நான் பேசவே இல்லியே!"

இல்லை. அவள் பேசவில்லை. டீ நான் போட்டது. ஒரு வாக்கியம் நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக நான் போட்டது. படிவத்தில் டீ இல்லை. பட்டியலில் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

மாவுக்கட்டைப் பற்றி மட்டும் பேசினேன். அங்கே வரப் பிடிக்காவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைதோறும் இதே கட்டுப் போடுகிறார்கள், காசு கிடையாது, அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது. விரல் வீங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கட்டைப் பிரித்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிடாதீர்கள். விட்டால் கால் திரும்ப மடங்கிவிடும். ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வண்டிச் சீட்டில் வைத்தேன்.

"ஒங்க பேப்பர்ல நாங்க ரொம்பத் திருப்தியா இருக்கோம்னு போட்டுக்கிடுங்க" என்றார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

அந்தச் சிஸ்டர் என்ன சட்டை வாங்கி வந்தார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. மஞ்சள் சட்டை, வாத்துப் படம் போட்டது. ஜூலை 12 அன்று எங்கள் அறையில் கோமுவின் கட்டிலில் அந்தப் பை இருந்தது. அண்ணன் பிள்ளைக்கு என்றாள். அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

ஜூலை 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். அவள் மறுக்கவில்லை. புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து என் நோட்டப் படிக்கே?"

"வந்த புதுசுலேர்ந்து. நீ வாயத் தொறந்து என்னத்தச் சொல்லிருக்க? ஒனக்குக் காய்ச்சலா, கவலையா, எல்லாத்தையும் நோட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். ஒங்க அப்பாவுக்கு ஆபரேஷன்னு படிச்சுட்டுத்தான அன்னைக்கு லீவு போட்டுட்டு ஒங்கூட வந்தேன். அப்ப மட்டும் இனிச்சுதோ?"

அது உண்மை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லாமலே எப்படி வந்தாள் என்று அப்போது வியந்திருக்கிறேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

"நான் எழுதினது அவ பேரு. அவள ஏன் மிரட்டின?"

"மிரட்டல. கேட்டேன். இன்சார்ஜ் லிஸ்டு போட இன்னும் பத்து நாளு இருக்கு. நீ அந்த நம்பரத் தூக்கிக் குடுத்தா, என்னைக்கு யாரு டூட்டின்னு பாக்க எவ்வளவு நேரமாகும்?"

"அதுல ஒம்பேரு இல்ல. எங்கயுமே இல்ல."

"இல்ல!" புடவையைக் கட்டிலில் வீசினாள். "எம்பேரு இல்ல. 'பார்க்கத் தேவையில்ல'ன்னு எழுதிருக்க. நாந்தான்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு நான் சுட்ட தோசைய ரெண்டு தின்னுட்டு, மூணாவது வேண்டாம்னுட்ட. எங்கிட்ட வந்து, 'ஏ கோமு, நீ அப்படிக் கேட்டது தப்பு'ன்னு ஒரு வார்த்த சொன்னியா? நானும் ஒனக்கு ஒரு நம்பருதான், புஸ்தகம்."

அவள் சொன்னதில் எது சரி என்று பிரித்துப் பார்க்கிறேன். பிரித்துப் பார்த்த பிறகும் அந்தப் பெண்ணின் வாசலில் அவள் உட்கார்ந்திருந்த காட்சி அப்படியேதான் இருக்கிறது. மாமியாரை முதலில் வெளியே அனுப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், அந்த மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள்.

சாயங்காலமே கடைசி அறைக்கு மாறிவிட்டாள். தோசைக்கல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

முன் பக்கங்களுக்குப் போய் அந்தப் பெயரை அடிக்கலாம் என்று பேனா எடுத்தேன். அடித்து என்ன? படித்தாயிற்று. இனி இங்கேயும் 41தான்.

ஜூலை 24, திங்கள்

டாக்டர் ஞானதுரையிடம் சொன்னேன். என் தனிப்பட்ட குறிப்பு வழியாக ஒருவருடைய அடையாளம் வெளியே போய்விட்டது. அதனால் ஒரு குழந்தையின் சிகிச்சை நின்றிருக்கிறது. குழுவுக்கு எழுதித் தர வேண்டும் என்றேன். யார் படித்தார்கள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பு.

"இதுக்கு எதுக்கும்மா குழு? நாப்பத்தொண்ண எடுத்துரு. அந்த இடத்துல வேற ஒரு ஆளப் போட்டுரு. இருநூறு இருநூறாவே இருக்கும்."

"அந்தப் பையன் கட்டுப் போட வரலை சார்."

"வராதவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்? தரச்சான்றுக்கு அடுத்த மாசம் ஆள் வாராங்க. நீ எழுதிக் குடுத்தா ஆய்வு நிக்கும். ஒன் பேருலதான் கரும்புள்ளி விழும். யோசிச்சுக்கோ."

நாற்பத்தொன்றாம் எண்ணை எடுத்துவிட்டால், அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவே இருக்காது.

ஜூலை 25, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். தவறு என்னுடையது என்றும், உறுதிமொழியை நான் மீறினேன் என்றும்.

ஜூலை 28, வெள்ளி

அரை நாள் விடுப்பு. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் பிரிவுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் எட்டு மணி முதல் ஒரு மணி வரை நின்றேன். 41 வரவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஆய்வு நிறுத்தப்பட்டது. குழுவின் கடிதம் இரண்டு வரி. கவுன்டரில் பழைய படிவமே தொடரும். முகங்களைக் கலரில் அச்சடிக்கப்போகிறார்கள்.

பிரசவ வார்டுக்குப் புது இன்சார்ஜ் பட்டியலும் இன்றே வந்தது. கோமதி. வார்டு வார்டாக லட்டு போனது. என் மேசையிலும் ஒன்று இருந்தது. மாலைக்குள் எறும்பு மொய்த்துவிட்டது. யார் வைத்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்றும் போனேன். வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பதினொரு மணிக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால், காலி சிமென்ட் சாக்குகளின் மேல், 41. மடியில் பையன். காலில் கட்டு இல்லை. கணவர் இறங்கி வரிசையில் போய் நின்றார். அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த தாள், நாலாக மடித்தது, ஓரம் கறுத்தது.

நான் மரத்தடியை விட்டு நகரவில்லை. உள்ளே ஒரு மணி நேரம் ஆயிற்று. பையன் கத்தியது வெளியே கேட்டது. தொடைவரை இரண்டு புது வெள்ளைக் கட்டோடு வெளியே வந்தார்கள். கணவர் வண்டியைத் திருப்பப் போனார். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். நேராக வந்தாள்.

"பாதி மடங்கிட்டாம். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னுட்டாவ."

"என்னாலதான்."

"ஆமா" என்றாள். அதை மறுப்பாள் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பையன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"இன்னைக்கு வந்ததையும் நோட்டுல எழுதுவியளா?"

"நாள எழுதுவேன். நம்பர எழுதுவேன்."

ஆட்டோ ஹாரன் அடித்தது. திரும்பாமலே கணவருக்குக் கையைக் காட்டினாள், இரு என்று.

"அப்ப ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "எழுதப்பிடாது."

சொன்னாள். நான் எழுதவில்லை.